ஏழாம் பாடத்து வாசல்

நீல மனிதர்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டு மூன்று வருஷம் ஆகிறது. அவர்களுக்கு முகம் உண்டு, வாய் கிடையாது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். உடம்பு முழுக்க வெளுத்த நீலம்; சட்டை மட்டும் மஞ்சளோ சிவப்போ. ஜெர்மன் மொழிப் பாடங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகம் அவர்களை அப்படி வரைந்து வைத்திருக்கிறது. வாய் வரைந்தால், தோலுக்கு நிறம் கொடுத்தால், ஏதாவது ஒரு நாட்டுக்காரர் ஆகிவிடுவாராம். அது எந்தத் தாய்மொழிக்காரரும் படிக்கக்கூடிய பாடம். ஆகவே அதில் நடமாடுகிறவர்கள் எந்த ஊரையும் சேராதவர்களாக இருக்க வேண்டும்.

என் வேலை அந்தப் பாடத்தைத் தமிழர்களுக்கு ஏற்றபடி ஆக்கிக் கொடுப்பது. பக்கத்தின் இடது புறம் படம், நடுவில் ஜெர்மன் வாக்கியம், வலது புறம் ஒரு காலிக் கட்டம். அந்தக் கட்டத்தில் துருக்கிக்காரர் துருக்கியில் எழுதுவார், வியட்நாம்காரர் வியட்நாம் மொழியில் எழுதுவார், நான் தமிழில் எழுதுவேன். வெறும் மொழிபெயர்ப்பு இல்லை. நம் ஆட்களுக்கு விளங்காத இடத்தில் ஒரு குறிப்பு, இடறுகிற இடத்தில் ஒரு பயிற்சி, இப்படி எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். படத்தையும் பாடங்களின் வரிசையையும் மட்டும் தொடக்கூடாது.

புதுக்கோட்டையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஊரே கொஞ்சம் தள்ளாடும். கடைகள் பாதி ஷட்டரை இறக்கிவிடும். நான் மாடி வீட்டில் மின்விசிறிக்குக் கீழே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து நீல மனிதர்கள் திரையை விட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒருத்தி கீழராஜ வீதியில் பாத்திரக்கடை முன்னால் நின்று எவர்சில்வர் குடத்தில் தன் முகத்தைப் பார்ப்பாள். ஒருவன் பேருந்து நிலையத்தில் வாழைப்பழம் வாங்கிவிட்டு, தின்ன வாய் இல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பான். எனக்கு அவர்கள்மேல் இரக்கமாக இருக்கும். கண்ணை விழித்தால் திரையில் ஒழுங்காக அவரவர் இடத்தில் இருப்பார்கள்.

இந்த வேலைக்கு நான் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கன்னியாஸ்திரியாக இருந்த ஓர் அத்தை மூலமாக ஜெர்மனிக்குப் போய், பத்தொன்பது வருஷம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். முட்டி தேய்ந்தது, திரும்பி வந்துவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். யாராவது ஒரு விஷயத்தை "அது அப்படித்தான்" என்று சொன்னால் உடனே "ஏன் அப்படி?" என்று கேட்டாக வேண்டும். அந்த ஊர்க் கிழவர்கள் எனக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் மரியாதையாக இருக்காது.

எழுதிய பாடங்களை யாரிடமாவது சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். அதற்காக வாரம் மூன்று நாள் அறந்தாங்கி வழியாக பஸ் பிடித்து மணமேல்குடிக்குப் போவேன். அங்கே ஒரு தையல் பள்ளியின் மாடியில் ஆறு பெண்களுக்கு வகுப்பு. ஆறு பேருமே நர்சிங் படித்தவர்கள். முதல் நிலைப் பரீட்சையில் தேறிவிட்டால் மேற்கொண்டு படிக்க அலுவலகமே கோயம்புத்தூரில் விடுதி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் படிப்பையும் முடித்தால் ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை. முதல் நிலை என்பது வாசற்கதவு மாதிரி, அது திறக்காவிட்டால் உள்ளே ஒன்றுமே இல்லை.

முதல் நாள் ஒவ்வொருத்தியையும் எதற்காக ஜெர்மன் படிக்க வந்தாய் என்று கேட்டேன். ஒருத்தி சம்பளம் என்றாள். ஒருத்தி பனி பார்க்க வேண்டும் என்றாள். மீமிசல்காரி ஒருத்தி, சொந்தக்காரர்கள் யாரும் இல்லாத ஊராக இருந்தால் தேவலை என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கடைசியில் ஜன்னல் ஓரத்தில் இருந்தவள் எழுந்தாள். ஜெகதாப்பட்டினத்துக்காரி, இருபத்தேழு வயது இருக்கும். புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.

"அவுகளக் கரையேத்தணும் டீச்சர்" என்றாள்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பெண்களுக்கு விளங்கிவிட்டது, எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. இவள் வேலைக்குப் போய், பிறகு அவரையும் அங்கே அழைத்துக்கொள்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். அவர் கடலுக்குப் போகிற நாளில் இவள் வகுப்புக்கு வந்தால் புத்தகத்தைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பாள். ஜன்னலில் கடல் தெரியாது. ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள்தான் தெரியும்.

ஆறு பாடங்கள் நல்லபடியாகப் போயின. காலை உணவுப் பாடத்தில் ஒரு நீலப் பெண் மேசையில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்கிற படத்தைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு யாரும் இல்லையா டீச்சர்?" என்று அவள்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் காலிக் கட்டத்தில், அந்த ஊரில் தனியாகச் சாப்பிடுவது துக்கம் இல்லை என்று ஒரு குறிப்பு எழுதினேன். எழுதும்போது அது முழு உண்மையா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

ஏழாம் பாடத்தில் வந்தது வினை. படத்தில் ஒரு வீட்டு வாசல். நீல ஆண் ஒருவன் தோளில் பையோடு வெளியே காலடி வைக்கிறான். உள்ளே இருந்து நீலப் பெண் ஒருத்தி அவனைப் பார்க்கிறாள். நடுவில் வாக்கியம்: வோஹின் கேஹ்ஸ்ட் டூ? எங்கே போகிறாய்? இரண்டு இரண்டு பேராக நின்று, ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு கிளம்ப, மற்றவள் கேட்க வேண்டும். பரீட்சையிலும் இதே மாதிரிதான், ஒரு படச் சீட்டை எடுத்து எதிரில் இருப்பவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

யாரும் கேட்கவில்லை. பையை மாட்டியவள் கதவுவரை போய்த் திரும்பிப் பார்க்கிறாள், உட்கார்ந்திருப்பவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஒருத்தி மட்டும் சமாளித்து, "தூரமா?" என்பதை ஜெர்மனில் எப்படிக் கேட்பது என்று என்னிடம் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குத் தெரியாததில்லை. எங்கள் வீட்டிலும் செருப்பு மாட்டுகிறவரை எங்கே என்று கேட்டால் அம்மா முறைப்பாள். போகிற காரியம் கெட்டுவிடும் என்பாள். கேட்டே ஆக வேண்டுமென்றால் தூரமா என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் பத்தொன்பது வருஷம் அதையெல்லாம் மறந்து இருந்துவிட்டேன். அன்று வெயில் வேறு. நான் சிடுசிடுத்தேன்.

"பரீட்சையில இந்தச் சீட்டு வந்தா என்ன பண்ணுவீங்க? தலையக் குனிஞ்சுக்குவீங்களா?"

ஜெகதாப்பட்டினத்துக்காரி எழுந்து, "கெளம்புறவங்கள எங்கன்னு கேக்கக் கூடாது டீச்சர். அதுலயும் எங்க வீட்டுல கேக்கவே மாட்டோம். அவுக கெளம்புறப்ப நாங்க யாரும் எதுக்க வரக்கூட மாட்டோம்" என்றாள்.

"அது தமிழ்ல. ஜெர்மன்ல கேட்டா கடலுக்கு என்ன தெரியவா போவுது?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டிலிருந்து யார் வெளியே கிளம்பினாலும், அடுத்த வகுப்புக்குள் ஒரு தடவையாவது வாசலில் நின்று ஜெர்மனில் கேட்டுவிட்டு வர வேண்டும். பயத்தால் வராத வாக்கியம் பழகப் பழக வந்துவிடும் என்று தத்துவம் வேறு பேசினேன். என் காலிக் கட்டத்திலும் அதையே பயிற்சியாக எழுதி வைத்தேன்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. மற்ற ஐந்து பேரும் புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன என்றேன். மீமிசல்காரிதான் சொன்னாள். அவள் புருஷன் போன படகு எல்லை தாண்டிப் போய்விட்டதென்று அந்தக் கரைக் கடற்படை பிடித்து வைத்துவிட்டதாம். அவரோடு போன ஆட்களும் உள்ளே இருக்கிறார்களாம். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

"அன்னிக்கு விடியக்காலையில அவ கேட்டுட்டா டீச்சர். நீங்க சொன்ன வீட்டுப்பாடம்."

என் கையில் இருந்த பேனா மூடியை நான் திரும்பத் திரும்பத் திறந்து மூடியது நினைவிருக்கிறது. அன்று பாடம் நடக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் எனக்காக வக்கீல் மாதிரி வாதாடினேன். அன்று பிடிபட்டது ஒரு படகு இல்லை, மூன்று. மற்ற இரண்டு படகுக்காரர்கள் வீட்டில் ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. கடலுக்குக் காது கிடையாது. எல்லாம் சரியான வாதம்தான். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் நீல மனிதன் ஒருவன் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. அறந்தாங்கி வரும்வரை அவன் திரும்பவே இல்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பெயர் கொடுத்தவர்களை உறுதி செய்து நான் ஒரு வாரத்துக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும். போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஜெகதாப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கடல் அலை அடிக்காது. வெள்ளைத் தாள் ஒன்றை விரித்துப் போட்டது மாதிரி கிடக்கும். கரை முழுக்கப் படகுகள் நின்றன. வேலைநிறுத்தம் என்று யாரும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் பிளாண்ட் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் நடந்து போகும்போது நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லாமல் இருந்தது.

அவள் மாமியார் நாற்காலி எடுத்துப் போட்டு, கடைக்கு ஆள் அனுப்பி எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். இவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு, "என்னாலதான்னு நெனக்கிறியா?" என்று நேராகவே கேட்டேன். இல்லை டீச்சர் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அப்படித்தானே எல்லோரும் சொல்வார்கள்.

"ஆமா டீச்சர். உங்களாலதான்" என்றாள். "என்னாலயும்தான். கையில சோத்துத் தூக்கோட பின்னால நின்னேன். வெளையாட்டா வாய்ல வந்துருச்சு. அவுக திரும்பி ஒரு பார்வ பாத்தாக. ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாக. அந்தப் பார்வதான் டீச்சர் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது."

என்னுடைய மூன்று படகு வாதம் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

மாமியார்தான் பேசினார். "ஏம்மா, அந்த ஊருலயும் கடலுக்குப் போற ஆளுக இருப்பாகள்ல? அவுக வீட்டுல எங்க போறேன்னு கேப்பாகளா?"

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. பத்தொன்பது வருஷமும் நான் இருந்தது முதியோர் இல்லத்தில். அங்கிருந்து யாரும் எங்கேயும் கிளம்பியதில்லை. எனக்குத் தெரியாதும்மா என்றேன்.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "எம் பேர வெட்டிருங்க டீச்சர். அவுக வராம நான் எங்கிட்டும் வரல."

நான் எழுந்து செருப்பை மாட்டினேன். மாமியார் வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

மணமேல்குடி பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் கூடையோடு இருந்த பெண், "எங்க போறீங்க?" என்றாள். புதுக்கோட்டை என்றேன். யார் வீட்டுக்கு வந்தீங்க, எத்தனை பிள்ளைங்க, கல்யாணமே பண்ணிக்கலையா, ஏன், என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் எனக்காகப் பெருமூச்சும் விட்டாள். பின் சீட்டில் ஒருவர் எழுந்து எனக்கு முன்னால் இருந்தவரிடம், "அண்ணே, நீங்க எங்கிட்டுப் போறீங்க?" என்றார். அந்தக் கேள்வி பஸ் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. கண்டக்டர் ஆளுக்கு ஆள் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

எனக்குத் தூக்கம் கலைந்தது. நம் ஊரில் இந்தக் கேள்வி கெட்ட கேள்வி இல்லை. வாசற்படியில்தான் அதற்கு இடம் இல்லை. ஏறி உட்கார்ந்துவிட்ட மனிதரை எங்கே என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் ஏற்கெனவே போய்விட்டவர், அவரைத் தடுக்க முடியாது. தவறு வாக்கியத்தில் இல்லை, படத்தில் இருந்தது. அது என் கண்ணில் படாமல் போனதற்கு நான் என்னைத் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்துப் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டேன். ஜெர்மன்காரப் பெண், என்னைவிட இருபது வயது சின்னவள், நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல் தரும். ஏழாம் பாடத்தில் வாசலை எடுத்துவிட்டு பஸ் போட வேண்டும் என்றேன். படங்கள் எல்லா மொழிக்கும் பொது என்றாள். மற்ற மொழிக்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள்.

"நீங்கள் கேட்டீர்களா?" என்றேன்.

"இல்லை."

"நானும் கேட்காமல்தான் வீட்டுப்பாடம் கொடுத்தேன்" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவர்கள் விசாரிக்கிறேன் என்றால் உண்மையாகவே விசாரிப்பார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

எனக்கு அத்தனை நாள் இல்லை. ஒரு தாளில் நானே பஸ் வரைந்தேன். எனக்குப் படம் வராது. பஸ் தீப்பெட்டி மாதிரியும் மனிதர்கள் கத்தரிக்காய் மாதிரியும் வந்தார்கள். வாய் போடக்கூடாது என்கிற விதியை மறந்து எல்லோருக்கும் வாய் போட்டுவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஜெகதாப்பட்டினம் போனேன்.

அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு?" என்று ஜன்னலோரத்துக் கத்தரிக்காயைக் காட்டினாள். யாரோ ஒரு ஆள், ஏறி உட்கார்ந்துவிட்டார் என்றேன். பரீட்சையில் பையும் வாசலுமாக ஒரு சீட்டு வந்தால், அந்த ஆள் வீட்டை விட்டு எப்போதோ கிளம்பி பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொள், அப்புறம் கேள் என்றேன்.

"பஸ்ல கேக்கலாம்" என்றாள் மெதுவாக. ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாமியார் அடுப்படியிலிருந்து, "நீ போயி எழுதிட்டு வாத்தா. அவன் வந்து மறுபடி அதே படகுலதான ஏறணும்? கரையேத்துறேன்னு சொன்னவ நீதான?" என்றார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வகுப்பில் ஜன்னல் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த இரண்டு வாரமும் பாடத்தைத் தையல் பள்ளியில் பாதி, டவுன் பஸ்ஸில் பாதி என்று நடத்தினேன். ஆறு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி மணமேல்குடியிலிருந்து மீமிசல்வரை வோஹின், வோஹின் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கண்டக்டர் முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் டிக்கெட் கிழிக்கும்போது அவரே ஜெர்மனில் கேட்டார். அவள் கேட்கும்போது மட்டும் குரல் ஒரு இழை நடுங்கும். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிடுவேன்.

பரீட்சையில் அவளுக்கு வந்த சீட்டுகள் ரொட்டியும் குடையும். பையும் இல்லை, வாசலும் இல்லை. இத்தனை பாடு பட்டதற்கு ஒரு ரொட்டியும் குடையும்தானா என்று எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் தேறினாள். முடிவு வந்த அன்று போனில் அழுதாள். அவளுடைய புருஷன் அப்போதும் அந்தக் கரையில்தான் இருந்தார்.

பிடிபட்டு இரண்டு மாதம் கழித்துப் படகுக்காரர்களை விட்டார்கள். படகை விடவில்லை. சென்னையில் இறக்கி, வேனில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தயங்கினேன். அந்த வாரமே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வேறு இரண்டு மொழிக்காரர்கள், தங்கள் பக்கத்திலும் கிளம்புகிறவரை அப்படிக் கேட்பதில்லை, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இருந்துவிட்டோம் என்று எழுதினார்களாம். ஏழாம் பாடத்தின் படம் எல்லா மொழிக்கும் மாறுகிறது. இனி நீல மனிதர்கள் பஸ்ஸில் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புதுக்கோட்டையில் ஒரு மத்தியானத் தூக்கத்தில், எங்கெங்கோ இருக்கிற ஊர்களின் வாசற்படிகளில் பெண்கள் நிம்மதியாக நிற்பதைப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் நான் இருந்தபோதுதான் அவர்கள் இருவரும் மணமேல்குடிக்கு வந்தார்கள். அவள் கோயம்புத்தூர் விடுதிக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது. அங்கே அவள் மேல்படிப்பை முடித்து, வேலையில் சேர்ந்து, அவரை அழைத்துக்கொள்ள இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். அவர் மெலிந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. மாடி ஏறி வந்து வகுப்பு வாசலிலேயே நின்றார்.

நான் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. "என்னை மன்னிச்சுடுங்க தம்பி. அன்னிக்கு அவளக் கேக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் குழப்பத்தோடு பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அவருக்கு விளங்கியது.

"அதுக்கு எதுக்கு டீச்சர் மன்னிப்பு? பதினஞ்சு வயசுல இருந்து கடலுக்குப் போறேன். நான் கெளம்புறப்ப எங்க அம்மா அடுப்பங்கரைக்குப் போயிரும். இவ வந்தப்புறம் இவளும் முகத்தத் திருப்பிக்குவா. யாரும் எதுக்க நிக்கக் கூடாது, பேசக் கூடாது. சரிதான், வழக்கம். ஆனா திருடன் மாதிரியில்ல வீட்ட விட்டு எறங்குவேன்? அன்னிக்குத்தான் டீச்சர் ஒரு ஆளு எங்க போறேன்னு கேட்டுச்சு. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. படகுல போயி எல்லார்ட்டயும் சொன்னேன். எம் பொண்டாட்டி என்னய ஜெர்மன்ல கேட்டுச்சுடான்னு. அங்க உள்ள இருந்தப்பவும் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கையில் இருந்த புத்தகத்தால் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். "அத வந்த அன்னிக்கே சொன்னா என்ன? ரெண்டு மாசம் நான் தூங்கல" என்று கத்தினாள். நான் மாற்றிய படத்தை நினைத்து எனக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. வாசலில் நிற்கிற பெண்ணை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். பையோடு இறங்கிப் போகிறவனை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவர் தோளைத் தடவிக்கொண்டு, "நாளைக்கு இன்னொருத்தர் படகுல போறேன் டீச்சர். இவ வேலைக்குப் போற வரைக்கும் போயித்தான ஆகணும்" என்றார். பிறகு அவளிடம், "நாளைக்குக் கேளு. தமிழ்லயே கேளு. நான் பதில் சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

"மாட்டேன்."

"ஒரு தடவ."

"மாட்டேன்னா மாட்டேன்."

அது அவர்கள் இருவருக்கும் இடையில் முடிய வேண்டிய பாடம். அவள் அவர் சட்டையின் காலர் மடிந்திருந்ததை நீவிவிட்டாள். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நீங்க போயிட்டு முழுசாத் திரும்பி வாங்க. வாசல்ல வந்து நிப்பேன். எங்க போனீங்க, எங்க போனீங்கன்னு நூறு தடவ கேக்குறேன். நீங்க பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருவீங்க."

அவர் சரி என்றார்.